கர்னலுக்குத் தெரியாத வாத்து

ஃபோர்ட் ரான்ஸ்டெல் ராணுவ முகாமில் அத்தனை பேருக்கும் கண் பார்வை நூற்றுக்கு நூறு என்று அறிவித்த அதே வாரத்தில்தான், ஒரு லாரி வந்து கொடிமரத்தில் முட்டியது.

மாலை ஐந்து மணி. கொடி இறக்கும் நேரம். ஒலிபெருக்கியில் ஊதல் இசை தொடங்கிவிட்டால் முகாமில் யார் எங்கே இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள் இறங்கி, கொடியைப் பார்த்து சல்யூட் அடிக்க வேண்டும். இசை முடிகிற வரை கை இறங்கக் கூடாது. கழுத்து திரும்பக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது. அந்த நேரத்தில் கொசு கடித்தால் அது கொசுவின் அதிர்ஷ்டம்.

லாரியை ஓட்டி வந்தவன் சிப்பாய் ட்ரே கில்லம். ஒழுக்கமான பையன். இசை காதில் விழுந்ததும் வண்டியை ஓரம் கட்டினான். ஓரம் என்று அவன் நினைத்தது புல்தரையை. புல்தரையின் நடுவில், டெக்ஸாஸ் வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஒரு வெள்ளைக் கம்பம் நின்றது. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, ஓட்டியவன் கண்ணைத் தவிர.

முந்நூறு பேர் சல்யூட் அடித்தபடி அந்த லாரி வருவதைப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை. இசை ஒலித்துக்கொண்டிருந்ததே!

படைப்பிரிவின் தலைவர் கர்னல் ஹார்லன் டுப்ரே கம்பத்துக்கு மிக அருகில் நின்றார். லாரி தன் பக்கமாகத்தான் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் இமைகூட அசையவில்லை. 'என்ன தைரியம் இந்த மனுஷனுக்கு' என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது தைரியம் இல்லை என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

டங்!

கம்பம் லேசாகச் சாய்ந்தது. கொடி பிடித்த இருவரும் அதே கோணத்தில் சாய்ந்து நின்று வேலையை முடித்தார்கள். இசை நின்றது. கைகள் இறங்கின. அதற்குப் பிறகுதான் முந்நூறு பேரும் ஒரே குரலில், "டேய்ய்ய்!" என்று கத்தினார்கள்.

கில்லம் கதவைத் திறந்து இறங்கி, கம்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இது நேத்து இங்க இருந்துச்சா?"

கண் மருத்துவமனை வாசலில் சல்யூட் அடித்து நின்றிருந்த கண் டாக்டர் கேப்டன் கோரா விட்லாக் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். போன மாதம் அந்தப் பையனின் பார்வை பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டது அவள்தான்.

* * *

கண் டாக்டர்களுக்குக் கண்ணை மட்டும் பார்க்கத் தெரிந்தால் போதாது, நிர்வாகமும் தெரிய வேண்டும் என்று ராணுவத்தில் யாருக்கோ ஒருநாள் தோன்றியது. அதன் விளைவாகப் பிறந்ததுதான் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சியும் எம்.பி.ஏ. பட்டமும் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும் திட்டம். பகலெல்லாம் சிப்பாய்களின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மாலையில் லேப்டாப்பைத் திறந்தால், ராணுவ வண்டியில் ஒருநாளும் ஏறியிராத ஒரு பேராசிரியர், தலைமைப் பண்பு என்றால் என்ன என்று விளக்குவார். இரண்டு வருடம் இப்படி ஓடினால் இரண்டு சான்றிதழும் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையமும் கிடைக்கும்.

கோராவுக்கு ஒரே ஒரு படி பாக்கி இருந்தது. இறுதி ப்ராஜெக்ட். மருத்துவமனையில் ஏதாவது ஓர் எண்ணை உயர்த்திக் காட்ட வேண்டும். உயர்ந்தது உண்மைதான் என்று படைத்தலைவர் கர்னல் டுப்ரே கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் ஜூனில் பட்டம். பட்டம் வந்தால் ஹவாய் முகாமின் கண் மருத்துவமனைக்குத் தலைமைப் பொறுப்பு.

ஹவாயில் கடற்கரை இருக்கிறது என்பதெல்லாம் கோராவுக்குப் பொருட்டில்லை. அங்கே ரீஸ் இருந்தான். அவள் கணவன். ராணுவ நர்ஸ். கல்யாணமானதிலிருந்து அவர்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததைவிட விமான நிலையத்தில் டாட்டா காட்டியதுதான் அதிகம்.

அதனால் கோரா மூளையைக் கசக்கி ஒரு ப்ராஜெக்ட் கண்டுபிடித்தாள்.

மருத்துவமனையில் ஐந்து அறைகள். ஒவ்வொன்றிலும் எழுத்துகள் தெரியும் திரை. ஒவ்வொரு ஆள் உட்காரும்போதும் கம்ப்யூட்டர் எழுத்துகளைக் கலைத்துப் போடும். அதனால் பரிசோதிப்பவர் திரையையும் பார்க்க வேண்டும், ஆளையும் பார்க்க வேண்டும். நேர விரயம்! கோரா கலைப்பதை நிறுத்தினாள். ஐந்து அறையிலும் எந்நாளும் ஒரே எழுத்துகள். பரிசோதிப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

"அருமை மேடம்! இப்ப நான் சாப்பிட்டுக்கிட்டே டெஸ்ட் பண்ணலாம்" என்றார் சார்ஜென்ட் ஒலிவெராஸ், வாயில் பாதி டாக்கோவுடன். கோராவின் உதவியாளர். வரிசை சீக்கிரம் முடிந்தால் முதல் ஆளாகச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறவர்.

வரிசை சுருங்கியது. பரிசோதனையில் தேறியவர்களின் சதவீதம் ஏறியது. எழுபதுகளில் தவழ்ந்துகொண்டிருந்தது எழுந்து நின்று, நடந்து, ஓடி, நூறைத் தொட்டது. பேராசிரியர் கைதட்டினார். கர்னல் டுப்ரே அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார்.

ஒரு கண்ணாடி கூடக் கொடுக்காமல் இத்தனை பேருக்கு எப்படிப் பார்வை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்பது மரியாதை இல்லையே.

* * *

லாரி முட்டிய மறுநாள் காலை கோரா ஓடப் போனாள். முகாமே ஓடும் நேரம் அது. அவளுக்கு முன்னால் ஒரு படை, நாலு நாலு பேராக, தாளத்துக்குக் கால் வைத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் ஒரு வரி பாடுவான், மற்றவர்கள் பதில் வரி பாடுவார்கள். வழக்கமாக அந்தப் பாட்டுகளில் சமையல்காரரையும் முன்னாள் காதலியையும் திட்டுவார்கள். இன்றைய பாட்டு புதிது.

"அம்மா கேட்டா, கண்ணு எப்டி?"

"ஹெச்! வி! இஸட்! டி! எஸ்!"

"டாக்டர் கேட்டா, என்ன தெரியுது?"

"என்! சி! கே! ஆர்! ஓ!"

கோராவின் கால் நின்றுவிட்டது. முதலில் பாடியது அவளுடைய திரையின் கடைசி வரி. அடுத்தது அதற்கு மேல் வரி. எம்.பி.ஏ. புத்தகத்தில் இதற்குத் தரப்படுத்தல் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் இதற்குக் கேள்வித்தாள் அவுட் என்று பெயர்.

படைக்கு முன்னால், குதிரை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லோரையும்விட உரக்கப் பாடிக்கொண்டு ஓடியவர் கர்னல் டுப்ரே.

* * *

கில்லத்தை வரவழைத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். விளக்கை அணைத்தாள். திரையையும் போடவில்லை. அறை கும்மிருட்டு.

"கடைசி வரி படி."

"ஹெச், வி, இஸட், டி, எஸ்" என்றான் கில்லம், கணீரென்று.

"சூப்பர். இப்ப இடது கண்ணை மூடிக்கிட்டு."

"ஹெச், வி, இஸட், டி, எஸ்."

"ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டுப் படியேன்."

ஹெச் வரைக்கும் போனவன் நிறுத்தினான்.

"மேடம்... திரை போட்டிருக்கீங்கதானே?"

"இல்லப்பா."

"ஐயய்யோ."

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

"நான் மட்டுமா பண்ணினேன்? எல்லாரும்தான் மேடம். பார்வை இல்லேன்னா அந்த பிரவுன் கண்ணாடி குடுப்பீங்க. அதைப் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணுகிட்ட ஹலோ சொல்லிப் பாருங்க, தெரியும்." ராணுவம் கொடுக்கும் கண்ணாடி அப்படி. தடித்த பிரவுன் சட்டம், போட்டவனுக்கு அவன் பாட்டனாரின் முகம் வந்துவிடும். "அதோட, அடுத்த மாசம் எல்லாரும் கடல் தாண்டிப் போறாங்க. நான் டேங்கர் ஓட்டணும். என் செட்டுப் பசங்களை அனுப்பிட்டு நான் மட்டும் இங்க உக்காந்து புல்லு வெட்டவா?"

கோரா அவன் தாடையைக் கருவியில் பொருத்திப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அவன் கருவிழியின் வரைபடம் விரிந்தது. வளைந்திருக்க வேண்டிய முன்பக்கம் கூம்பு மாதிரி துருத்தியிருந்தது. மெல்ல வளரும் நோய். சாதாரணமாக எழுத்தைக் காட்டிப் பரிசோதித்திருந்தாலே போன மாதமே மாட்டியிருக்கும்.

"கொடிமரம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது, உண்மையைச் சொல்லு."

"மூணு தெரிஞ்சுது மேடம். நடுவுல புகுந்து போயிடலாம்னு நெனச்சேன்."

பெட்ரோல் டேங்கர், மூன்று கொடிமரம். கோரா எழுந்து தொப்பியை மாட்டினாள்.

* * *

"வாங்க வாங்க கேப்டன்! நூத்துக்கு நூறு! வாஷிங்டன்ல என் பேர் அடிபடுதாம்." கர்னல் டுப்ரேயின் தோளில், ஜெனரல் ஆனால் கிடைக்கும் நட்சத்திரம் ஏற இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை அடிக்கடி தடவிக்கொள்வார்.

"சார், அந்த நூறு பொய்."

கர்னலின் சிரிப்பு நிற்கவில்லை. சில அதிகாரிகளுக்குக் கெட்ட செய்தி காதில் நுழைய நேரம் பிடிக்கும்.

"பசங்க எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டாங்க சார். பாட்டாப் பாடிக்கிட்டு ஓடுறாங்க. நீங்கதான் முன்னாடி ஓடுறீங்க."

"நல்ல பாட்டு. கால் கரெக்டா விழுது."

"தப்பு என்னுதுதான் சார். கலைக்கறதை நிறுத்தினது நான். எல்லாரையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும்."

"வெள்ளிக்கிழமை ஜெனரல் வர்றாங்க. எதைப் பாக்க வர்றாங்க? உங்க நூறைப் பாக்க. நான் அவங்க முன்னாடி நின்னு, 'மன்னிக்கணும், எங்க ஆளுங்க பாதிப் பேர் குருடு'ன்னு சொல்லவா?"

"லாரி கொடிமரத்துல மோதியிருக்கு சார்."

"கொடிமரத்தை நகர்த்தச் சொல்லிட்டேன்."

கர்னல் சுவர்க் கடிகாரத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அவளிடம், "மணி என்ன?" என்று கேட்டார். கோரா சொன்னாள். சொன்ன பிறகு அந்தக் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். கர்னலையும் ஒரு தடவை பார்த்தாள்.

"உங்க ப்ராஜெக்ட்டுக்கு என் கையெழுத்து வேணும், இல்லையா கேப்டன்? ஜெனரல் சந்தோஷமாக் கிளம்பட்டும். அப்புறம் என் பேனா தானாத் திறக்கும். ஹவாய்ல இப்ப நல்ல சீசன்."

* * *

மதியம் ரீஸுக்குப் போன் போட்டாள். ஹவாயில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"என்ன கேப்டன் மேடம், குரல் செத்துக் கிடக்கு?"

எல்லாவற்றையும் சொன்னாள். "பேசாம இருந்தா ஜூன்ல வந்துடுவேன் ரீஸ்."

"வா. வீட்டுக்குப் பின்னாடி காட்டுக்கோழியா சுத்துது. ஒண்ணுக்கு உன் பேர் வெச்சிருக்கேன்."

"விளையாடாத."

"சத்தியமா. யார் சொன்னாலும் கேக்காது, அதான் வெச்சேன்." பிறகு கேட்டான்: "அந்தப் பையன் அங்க போய் டேங்கர்தானே ஓட்டுவான்?"

"ஆமா."

"மோதினா யார் வார்டுக்கு வருவான் தெரியுமா? என்னை மாதிரி ஒருத்தன் வார்டுக்கு."

கோரா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இன்னொண்ணு. நீ தூக்கத்துல பேசுறவ. தினம் நீ அந்த எழுத்தை ஒப்பிச்சா, நான் ஹால்லதான் படுக்கணும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"நான் எதுவும் சொல்லலம்மா. கேப்டனுக்கு நர்ஸ் ஆர்டர் போட முடியுமா?"

* * *

வெள்ளிக்கிழமை. ஜெனரல் யூனிஸ் ட்ராஸ்க் வந்தார். ஒல்லியான பெண்மணி. சிரித்தால் பல் தெரியும், அவ்வளவுதான். கோரா படம் போட்டு விளக்கினாள். வரிசை குறைந்த கதை, நேரம் மிச்சமான கதை. கடைசிப் படத்தில் பெரிதாக நூறு.

"நூறா? என் வீட்டு நாய்க்கே நூறு கிடையாதே" என்றார் ஜெனரல்.

கர்னல் டுப்ரே முன்னால் வந்தார். "சந்தேகம் இருந்தா நானே உக்காந்து காட்டறேன் ஜெனரல்! எனக்கு அம்பத்தி மூணு வயசு. கண்ணாடி கிடையாது!"

நாற்காலியில் ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்தார். சார்ஜென்ட் ஒலிவெராஸ் விளக்கை அணைத்தார். ரிமோட் கோராவின் கையில்.

ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய எழுத்துகள் வரும். கர்னல் படிப்பார். ஜெனரல் போவார். பேனா திறக்கும். ஜூன், ஹவாய், ரீஸ், கோழி.

இன்னொரு பொத்தான் சனிக்கிழமைகளுக்கானது. சிப்பாய்களின் வாண்டுகள் வரும் நாள். எழுத்துத் தெரியாத அவர்களுக்குப் படங்கள் வைத்திருந்தார்கள்.

கட்டைவிரல் இரண்டு பொத்தானுக்கும் நடுவில் நின்றது. மூன்று கொடிமரம் என்று அந்தப் பையன் சொன்ன குரல் காதில் வந்தது.

அழுத்தினாள். இருட்டில், திரையின் அடியில், பொடிப் பொடியாக ஒரு வரி ஒளிர்ந்தது.

"கடைசி வரி, சார்."

கர்னல் நெஞ்சை நிமிர்த்தினார். கால் தானாகத் தரையில் தாளம் போட்டது.

"ஹெச்! வி! இஸட்! டி! எஸ்!"

ஒலிவெராஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஜெனரல் திரையைப் பார்த்தார். கர்னலைப் பார்த்தார். "இன்னொரு தடவை, கர்னல்."

"ஹெச்! வி! இஸட்! டி! எஸ்!" இந்தத் தடவை இன்னும் கணீர்.

"எனக்கு அங்க ஒரு வாத்து தெரியுது. பக்கத்துல ஒரு வீடு. அதுக்குப் பக்கத்துல குடை. நீங்க சொல்ற ஹெச் எங்க இருக்கு?"

கர்னல் முன்னால் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார்.

"வாத்துக்குப் பின்னாடி இருக்கலாம் ஜெனரல்."

அந்த மாலை லாரி நேராக வந்தபோது கர்னலின் இமை ஏன் அசையவில்லை என்பது அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

ஜெனரல் கோராவின் பக்கம் திரும்பினார். "இது உங்க ப்ராஜெக்ட்தானே கேப்டன்?"

"ஆமா மேடம். நான்தான் கெடுத்தேன்."

"இதைக் காட்டினா கையெழுத்து கிடைக்காதுன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"நல்லது. எல்லாரையும் திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. பண்ணி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது." ஜெனரல் தொப்பியை எடுத்தார். "சாப்பாட்டுக்கு ப்ரிஸ்கெட் கறின்னு சொன்னாங்களே, எங்க?"

கோராவைக் காப்பாற்றுவார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அவர்களுக்கு ராணுவமும் தெரியாது, ப்ரிஸ்கெட்டும் தெரியாது.

* * *

எழுத்துகள் மறுபடி கலைந்தன. வரிசை மறுபடி நீண்டது. ஒலிவெராஸ் டாக்கோவைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். சதவீதம் நூறிலிருந்து உருண்டு அறுபத்தெட்டில் வந்து விழுந்தது. ஒரே வாரத்தில் முகாம் முழுக்கப் பிரவுன் கண்ணாடி. சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் மாநாடு மாதிரி இருந்தது.

கில்லம் கடல் கடந்து போகவில்லை. கோராவின் காதுபடவே திட்டினான். சிகிச்சை நடந்தது, கடினமான கான்டாக்ட் லென்ஸ் பொருத்தினார்கள். உள்ளூர் லாரி ஓட்டலாம் என்று அனுமதி வந்த அன்று, "மேடம், மரத்துல தனித்தனியா இலை இருக்கு!" என்று வந்து கத்திவிட்டுப் போனான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கர்னல் டுப்ரே கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ராணுவம் இப்படிப்பட்டவர்களைச் சும்மா விடாது. அவரை வாஷிங்டனுக்கு மாற்றியது. முகாம்களிலிருந்து வரும் சதவீதங்கள் உண்மையா என்று உற்றுப் பார்க்கும் அலுவலகத்துக்கு. பிரவுன் கண்ணாடியோடு.

ஹவாய் பதவி வேறொருவருக்குப் போனது.

பேராசிரியர் மட்டும் லேப்டாப் திரையில் துள்ளினார். "அறுபத்தெட்டா? பிரமாதம் கோரா! நூறுல இருந்து எங்க ஏறுவீங்க? இப்பதான் வளர்ச்சிக்கு இடம் இருக்கு. முதல்ல எண்ணைக் கீழ இறக்கினீங்க பாருங்க, அதுதான் தொலைநோக்கு!"

கண்ணாடி கொடுக்கக் கொடுக்க எண் ஏறியது. இந்தத் தடவை நிஜமாக. குளிர்காலத்தில் புதிய கர்னல் வந்தார், படித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பட்டம் வந்தது. ஹவாய் வரவில்லை. கோரா அதே மருத்துவமனைக்குத் தலைவியானாள்.

ரீஸ்தான் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டான். ஹவாயை விட்டுவிட்டு டெக்ஸாஸுக்கு வர விரும்பும் ஒருவனை அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்களாம். வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்காததால் உடனே கிடைத்தது.

முகாம் பஸ் கண் மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. சீருடையில் ரீஸ் இறங்கினான். கோரா ஓடினாள். அவனைத் தொட இன்னும் நாலு எட்டு இருக்கும்போது ஒலிபெருக்கி உயிர் பெற்றது.

ஐந்து மணி.

இரண்டு பேரும் அப்படியே நின்று, டுப்ரே புண்ணியத்தில் இப்போது மருத்துவமனைக்கு எதிரிலேயே இருக்கும் கொடிமரத்தைப் பார்த்து சல்யூட் அடித்தார்கள். சாலையில் ஒரு லாரி வந்தது. கோட்டுக்கு வெளியே ஓர் அங்குலம் போகாமல் ஓரத்தில் நின்றது. கில்லம் இறங்கி சல்யூட் அடித்தான்.

"கோழியைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்" என்றான் ரீஸ், உதடு அசையாமல்.

"பேசாத. கொடி."

"எவ்ளோ நேரம் இந்தப் பாட்டு?"

"நீ வந்திருக்கேன்னு இன்னிக்கு இழுத்து வாசிக்கிறாங்க."

இசை நின்றது. கைகள் இறங்கின. அவள் அவன் தோளில் முகம் புதைத்தபோது, சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி ஒரு படை நாலு நாலு பேராகக் கடந்து போனது. அத்தனை முகத்திலும் பிரவுன் கண்ணாடி.

"கர்னல் கேட்டா, என்ன தெரியுது?"

"வாத்து! வீடு! குடை! குடை!"

ரீஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான். "என்னடி பாட்டு இது?"

"என் எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்" என்றாள் கோரா.